டூர் டிவைட் சைக்கிள் ரேஸ்ல ஓட்டுறவங்க எங்க இருக்காங்கன்னு மேப்ல காட்டுற புள்ளியைப் பார்க்கிற மக்களே

கனடா பான்ஃப்ல கிளம்பி மெக்சிகோ எல்லை ஆன்டிலோப் வெல்ஸ் வரை ஏறத்தாழ 4,400 கி.மீ. பெரும்பாலும் மண்ரோடு, உதவி வண்டி கிடையாது. பான்ஃப்ல காலை 6 மணின்னா நமக்குச் சாயங்காலம் 5.30. அதனால மத்தியானம் மேப்பைத் திறந்தா பல புள்ளி அசையாது, தூங்குறாங்க. இடத்தை அனுப்புற ட்ராக்கர் கருவியோட பேட்டரி தீர்ந்தாலும் அப்படித்தான் நிக்கும். உடனே "விலகிட்டார்"னு எழுதிடாதீங்க, பாவம்.

நியூ மெக்சிகோவுல மழை பெய்ஞ்சா புள்ளி நடை வேகத்துக்கு வந்துடும். அந்தக் களிமண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல அடைச்சு சக்கரம் சுத்தாது. அப்பவும் பெடலை அழுத்தினா ஹேங்கர் (கியர் மாத்துற டீரெய்லியரை ஃபிரேமோட பிடிச்சிருக்கிற சின்னத் துண்டு) முறிஞ்சு டீரெய்லியர் ஸ்போக்குக்குள்ள போயிடும். அதான் 2.4 இஞ்ச் டயர் போற ஃபிரேம்ல 2.2 மாட்டி இடைவெளி விடறது நல்லது. பையில ஸ்பேர் ஹேங்கர் கட்டாயம். குலசேகரம், கீரிப்பாறை ரப்பர் தோட்டப் பாதையில ஜூன் மழையில ஓட்டுறவங்களுக்கும் இதேதான்: சக்கரம் இறுகினா உருட்டாதீங்க. தூக்கி ஓரமா வச்சு, குச்சியால சுரண்டி எடுங்க.

சக்கரம் சுத்துறப்ப கரண்ட் தர்ற ஹப் டைனமோவை மட்டும் நம்பாதீங்க. ஏற்றத்துல மெதுவா போறப்ப போன் சார்ஜே ஏறாது, பவர்பேங்க் வேணும்.