சென்னையை விட்டுட்டு திருச்சிக்கு வாடகைக்குப் போலாமான்னு யோசிச்சு, வீடு தேடி நொந்த கதை

"அங்கெல்லாம் வாடகை பாதிதான்"னு சொல்றவங்க எல்லாரும் சொந்த வீட்டுல இருக்கறவங்க, இதை முதல்ல சொல்லிடறேன்.

நாங்க மேடவாக்கத்துல வாடகைக்கு இருந்தோம். எங்க வீட்டுக்காரருக்கு மாசத்துல சில நாள் ஆபீஸ் வந்தா போதும்னு ஆனதும் ஊர் மாறலாமான்னு பேச்சு வந்துச்சு. கோயம்புத்தூர் வாடகையைக் கேட்டு அப்பவே விட்டாச்சு. திருச்சின்னா மாமியார் திருவெறும்பூர் பக்கம் இருக்காங்க, ஏர்போர்ட் இருக்கு, நைட்டு ஏறினா காலையில எழும்பூர். பையனோட டிசி, சாமான் ஏத்துற லாரி எல்லாம் சிரமமே இல்லாம முடிஞ்சுது. வீடுதான் படுத்தி எடுத்துருச்சு.

தில்லை நகர் கிராஸ்கள்ல ஆரம்பிச்சோம். வெப்சைட்ல போட்டோ பார்த்துட்டு போனா அந்த வீடெல்லாம் எப்பவோ போயிடுச்சு, புரோக்கர் காட்டுறது வேற வீடு, வாடகை கேட்டா மேடவாக்கம் ரேட்டேதான், அதுக்கு மேல அவருக்கு ஒரு மாச வாடகை கமிஷன். நல்ல வீடுங்க போர்டே மாட்டாம கைமாறுது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கும் மளிகைக் கடை அண்ணாச்சிக்கும்தான் எது காலியாகுதுன்னு தெரியும், அவங்ககிட்ட நம்பர் குடுத்துட்டு வாங்க.

ஸ்ரீரங்கத்துல ஒரு மாமி ரொம்ப மரியாதையா பேசினாங்க, ஃபில்டர் காபி குடுத்தாங்க, பையன் என்ன படிக்கிறான்னு கேட்டாங்க, முட்டை சாப்பிடுவோம்னு சொன்னதும் வீடு மட்டும் குடுக்கல. அதையாவது மன்னிச்சிடலாம். கே.கே. நகர்ல ஒரு ஓனர் செருப்பைக் கழட்டறதுக்குள்ளயே "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டார். "அஞ்சாந்தேதிக்குள்ள வாடகை குடுக்கற ஆளுங்க சார்"னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். அந்த வீடும் இல்ல.

புத்தூர்ல ஒண்ணு பிடிச்சுது, டோக்கன் அட்வான்ஸும் குடுத்துட்டோம். பால் காய்ச்ச நாள் பார்த்துட்டு போன் பண்ணா "எங்க அக்கா பையன் வர்றான்ம்மா, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க"ங்கறாங்க. பணத்தை ஜிபேல, என்னத்துக்குன்னு எழுதி அனுப்பியிருந்ததால ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி திரும்ப வாங்கினோம். கையில காசா குடுத்திருந்தா அவ்ளோதான். டோக்கனை எப்பவுமே இப்படி அனுப்புங்க.

கடைசியா உறையூர்ல ஒரு மாடி போர்ஷன். காத்தோட்டம், காவிரித் தண்ணி கனெக்‌ஷன், நடக்கற தூரத்துல கடைத்தெரு. (தண்ணியை வாயில ஊத்திப் பாருங்க, குழாய்ல வர்றது கார்ப்பரேஷன் தண்ணியா போர் தண்ணியான்னு அப்பவே தெரிஞ்சிடும்.) ஓனர் அட்வான்ஸா பத்து மாச வாடகை கேட்டார். சட்டத்துல மூணு மாசம்தானேன்னு கேக்காதீங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு அதிகமா எழுதிக்கிட்டா அதுவும் செல்லும், அதனால அதை வச்சு சண்டை போட முடியாது, பேசிப் பேசித்தான் குறைக்கணும், அஞ்சுக்கு கொண்டு வந்தோம். அக்ரிமெண்ட்டுன்னதும்தான் மனுஷன் முகமே மாறுச்சு. "அதெல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கைதானே!" நம்பிக்கையைக் காட்டினா கேஸ் ஏஜென்சியில கனெக்‌ஷன் தருவாங்களா, ஆதார்ல அட்ரஸ் மாத்துவாங்களா?

பதினோரு மாசம்னா ரிஜிஸ்டர் வேணாம்னு ஊரே சொல்லும். 2019 பிப்ரவரி 22ல இருந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு, எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல போட்டு வாடகை அதிகார அமைப்புகிட்ட (ரெண்ட் அத்தாரிட்டி) பதியணும். இதைக் கேக்க ஒரு ஆபீஸுக்குப் போனா அங்க இருந்தவர் தலையைத் தூக்காமலே "இங்க இல்ல, அந்த பில்டிங்"ன்னார், அந்த பில்டிங்ல "எல்லாம் ஆன்லைன்ம்மா"ன்னாங்க, வெயில்ல அலைஞ்சதுதான் மிச்சம். ஆன்லைன்ல ஓனரோட பான் நம்பர் கேக்குது. பான்னு சொன்னதும் ஓனர் "வேற வீடு பார்த்துக்கோங்க"ன்னுட்டார்.

நான் விடல. "ஐயா, பதியாத அக்ரிமெண்ட் கோர்ட்டுல சாட்சியாகாது. நாளைக்கு நாங்க காலி பண்ண மாட்டோம்னு உக்காந்துட்டா பேப்பர் இல்லாம அல்லாடப் போறது நீங்கதான்"னேன். அவருக்கு சுருக்குன்னு பட்டுருச்சு. மறுநாள் அவங்க பையன் சிங்கப்பூர்ல இருந்து போன் பண்ணி பான், ஆதார் எல்லாம் அனுப்பி வச்சார். இந்த மொத்த அலைச்சல்லயும் நான் காலரைத் தூக்கிவிட்ட ஒரே இடம் அதுதான்.

அக்ரிமெண்ட்டைப் படிச்சுப் பார்த்தா அதுல இன்னொரு வில்லங்கம். கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே ஈபி சர்வீஸ், நமக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவர் ரேட்டு. ரெண்டு வீடும் ஒரே சர்வீஸ்ல ஓடினா அந்த 100 யூனிட் இலவசம் நம்ம கைக்கு வராது, ரெண்டு மாசக் கணக்கு சேர்ந்து 500ஐத் தாண்டினா ஸ்லாபே மாறி முதல்ல வர்ற யூனிட்டுங்களோட ரேட்டும் ஏறிடும், திருச்சி மே மாச வெயில்ல ஏசி போட்டா தாண்டாம எங்க இருக்கும்? மாடிக்கு தனி சர்வீஸ் வாங்கித் தர்றேன்னு எழுத வச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டோம். வீடு பார்க்கும்போதே மீட்டர் பெட்டியைத் திறந்து எத்தனை மீட்டர் இருக்குன்னு பாருங்க.

ஸ்ரீரங்கம் பக்கம் தேடறவங்க காவிரி பாலத்தையும் மனசுல வச்சுக்கோங்க. 2022 நவம்பர்ல ரிப்பேருக்கு மூடி மாசக்கணக்குல வண்டி விடாம இருந்தப்போ அந்தப் பக்கம் இருந்தவங்க சுத்திச் சுத்தித்தான் வந்தாங்க. சென்னைக்கு அடிக்கடி போறவங்க பஸ்ஸை நம்பாதீங்க. பஸ் ஸ்டாண்ட் அங்க கிளாம்பாக்கம், இங்க பஞ்சப்பூர், ரெண்டுமே ஊருக்கு வெளிய, வீட்டுல இருந்து பஸ்ஸைப் பிடிக்கவும் இறங்கி வீடு வரவும் ஆகற நேரத்தைக் கூட்டிப் பாருங்க. ரயில்தான் சரி, ஆனா ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, ஆபீஸ்ல திங்கக்கிழமை வான்னு சொல்றது முந்தின வாரம், அதனால தட்காலுக்கும் மாசாமாசம் ஒரு தொகை எடுத்து வைக்கணும். அதையும் வாடகைக் கணக்குல சேர்த்தா எங்களுக்கு மிச்சம் ஆகறது நினைச்சதுல பாதிகூட இல்ல. இருந்தும் வந்தோம், ஆனா பதினோரு மாசத்துக்குத்தான், அதுக்கப்புறம் திரும்பவும் கணக்கு போட்டுப் பார்க்கணும்.

இன்னொண்ணு, வீடு தேடறதை ஆடி மாசத்துல வச்சுக்கோங்க. யாரும் ஆடியில குடி போக மாட்டாங்க, வீடு சும்மா பூட்டிக் கிடக்கும், ஓனரும் கொஞ்சம் இறங்கி வருவார். எங்க ஓனர் ஆடி மாசத்துக்கும் முழு வாடகை கேட்டார், பால் காய்ச்சறது ஆவணியிலதானேன்னு பேசிப் பாதியா முடிச்சோம்.