அறிக்கையில் சேர்த்த ஒரு வரி

மார்ஃபின் வகை வலிமருந்துகள் செல்லின் மேலுள்ள மியூ ஏற்பியில் ஒட்டி, உள்ளே ஜி புரதம், பீட்டா அரெஸ்டின் என்ற இரண்டு புரதங்கள் வழியாகச் செய்தி அனுப்பும். முதல் பாதை வலியைக் குறைக்கும், இரண்டாவதுதான் மூச்சை அடக்கும் என்பது பலரின் நம்பிக்கை. அப்படிப்பட்ட புது மூலக்கூறு ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்த வாடிக்கையாளர், "ஜி புரதப் பாதையை மட்டுமே தூண்டுகிறது" என்ற முடிவைத்தான் எதிர்பார்த்தார். வரைபடங்களும் அதையே சொல்லின. ஜி புரதம் வேலை செய்தால் செல்லுக்குள் குறையும் செய்திப்பொருளான சைக்ளிக் ஏஎம்பியை, அந்த மூலக்கூறு டாம்கோ (ஏற்பியை முழுதாகத் தூண்டும் ஒப்பீட்டு மருந்து) அளவுக்கே குறைத்தது. பீட்டா அரெஸ்டின் சோதனையில் கோடு தரையோடு கிடந்தது. ஜி-ஐ, ஜி-ஓ வகை ஜி புரதங்களை முடக்கும், கக்குவான் இருமல் கிருமியின் நச்சான பெர்டூசிஸ் டாக்ஸின் கொடுத்த செல்களில் விளைவே இல்லை. ஆக, ஜி-ஐ, ஜி-ஓ வகைப் புரதங்கள் வழியாகத்தான் வேலை நடக்கிறது, அதில் சந்தேகமில்லை.

கையெழுத்துப் போடும் முன் இன்னொரு சோதனை வேண்டும் என்றேன். ஏற்பியைப் பிடித்தால் விடாத பீட்டா எஃப்என்ஏ என்ற பொருளைப் போட்டு ஏற்பிகளில் பெரும்பகுதியை அடைத்துவிட்டு, மறுபடி அளக்க வேண்டும்.

"மேடம், அவங்க கேட்டதை முடிச்சுட்டோம். கேட்காத கேள்விக்கு நாம ஏன் பதில் தேடணும்?" என்றாள், அந்தச் சோதனைகளை எல்லாம் செய்த பெண்.

என் காரணம் எளிமையானது. எங்கள் செல்களில் மியூ ஏற்பி அளவுக்கு மீறி இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை முழுதாகத் திருப்பி வைத்தால், மெல்லப் பேசுபவரும் கத்துபவரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். சைக்ளிக் ஏஎம்பி சோதனை அப்படிப்பட்டது. அரெஸ்டின் சோதனையில் அந்தப் பெருக்கம் கிடையாது. ஓர் ஏற்பிக்கு ஓர் அரெஸ்டின்தான். எனவே வீரியம், அதாவது ஏற்பியைத் தூண்டும் உச்சத் திறன், குறைந்த மருந்து ஒரு சோதனையில் முழுதாகவும் மற்றதில் பூஜ்யமாகவும் தெரியும். பார்ப்பவர் அதை ஜி புரதத்தின் பக்கம் மட்டும் சாய்வு என்று எடுத்துக்கொள்வார். சோதனையைச் செய்தோம். டாம்கோ அவ்வளவாக அசையவில்லை. எங்கள் மூலக்கூறின் உச்சம் பாதிக்கும் கீழே போனது. "காணப்படும் சாய்வு, குறைந்த வீரியத்தாலும் விளையலாம்" என்ற வரியைச் சேர்த்தேன்.

அவளிடம் பழைய கதையையும் சொன்னேன். 1999 இல் பீட்டா அரெஸ்டின்-2 இல்லாத எலிகளில் மார்ஃபினின் வலிநிவாரணம் கூடியது. 2005 இல் அதே எலிகளில் மூச்சு அவ்வளவாக அடங்கவில்லை என்றார்கள். அரெஸ்டினைத் தொடாத மருந்தைத் தேடித் துறையே ஓடியது. 2020 இல் மூன்று ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது மூச்சு வழக்கம்போல அடங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஜி புரதப் பக்கம் சாய்ந்தது எனப்பட்ட ஒலிசெரிடின் என்ற வலிமருந்தும் மூச்சடக்க எச்சரிக்கைப் பெட்டியோடுதான் வந்தது.

"அப்போ பாதுகாப்பு எதனால வருதுன்னே யாருக்கும் உறுதியா தெரியலையே. நாம மட்டும் ஏன் தெரிஞ்ச மாதிரி எழுதணும்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நான் எதையும் உறுதியாக எழுதவில்லை, 'விளையலாம்' என்றுதான் எழுதினேன். ஆனால் படிப்பவருக்கு அப்படியா தோன்றும்?

என் பக்கம் பலமானதுதான். தண்டுவடத்தில் ஜி புரதத்தின் பீட்டா-காமா பகுதி கால்சியம் வாய்களை மூடுவதால் நரம்பு முனையிலிருந்து வலிச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான குளூட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பி-யும் வெளியேறுவது குறைகிறது, வலிச் செய்தி தேய்கிறது. மூளைத்தண்டில் அதே பகுதி பொட்டாசியம் வாய்களைத் திறந்து, மூச்சை இயக்கும் நரம்புகளை அடக்குகிறது. நிவாரணமும் ஆபத்தும் ஒரே புரதத்தின் வேலை. அப்படியிருக்க, ஜி புரதம் மட்டும் என்றால் பாதுகாப்பு என்ற தொனிக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

சரி. ஆனால் புப்ரினார்ஃபின் இருக்கிறதே. அதே ஏற்பியில் வேலை செய்யும், குறைந்த வீரியமுள்ள வலிமருந்து. அதன் மூச்சடக்கம் ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை. எங்கள் மூலக்கூறும் அந்த வகையாக இருந்திருந்தால், நான் குறை போல எழுதியதே அதன் நன்மை. வாடிக்கையாளர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். என் வரியால்தான் என்று சொல்ல முடியாது, பணமும் காரணமாக இருந்திருக்கலாம். 'குறைந்த வீரியம் நல்லதாகவும் இருக்கலாம்' என்று இன்னொரு வரி எழுதியிருந்தால்? அது கேட்காத கேள்விக்கு இன்னும் பெரிய பதில். அவள் எதை வேண்டாம் என்றாளோ அதையே இரண்டு மடங்காகச் செய்ததாகியிருக்கும்.

இப்போது ஏற்பி அடைக்கும் சோதனையை விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிட்டோம். அதற்கான குறிப்பை அவள்தான் எழுதினாள். வீரியத்தை எண்ணாக மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்வதா, அதன் பொருளையும் எழுதுவதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. போன வாரமும் இதையே பேசினோம். இந்த முறை பொருளை எழுத வேண்டும் என்றது அவள், வேண்டாம் என்றது நான்.