ஷ்ராப்ஷயர் அந்துப்பூச்சி கணக்கு, மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும்

இங்கிலாந்துல ஷ்ராப்ஷயர் கவுண்டியில (மாவட்டம் மாதிரி) வீட்டுக்குப் பின்னாடி லைட் பொட்டி வச்சு அந்துப்பூச்சி எண்ணிட்டு வர்றேன். பொட்டின்னா மேல ஒரு ஆக்டினிக் பல்பு (புற ஊதா கலந்த நீல வெளிச்சம் தர்றது), சரிவா ரெண்டு பிளாஸ்டிக் தகடு, உள்ள முட்டை அட்டை, அவ்ளோதான். வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி வழுக்கி உள்ள விழுந்து அட்டைக் குழியில ஒண்டிக்கும், விடிஞ்சதும் எண்ணிட்டு புதருக்குள்ள விடணும், வெட்டவெளியில விட்டா ராபின் குருவி பொறுக்கித் தின்னுடும். நிலா இல்லாம, மேகம் மூடி, காத்து அடங்கின ராத்திரிதான் தோது.

மார்ச்ல ஹீப்ரூ கேரக்டர், காமன் குவேக்கர் மாதிரி பழுப்பு அந்துங்கதான். ஏப்ரல்ல லாங் மிண்ட் மலையில ஹெதர் புதர் பக்கம் எம்பரர் அந்துக்கான ஃபெரோமோன் (ஆண் பூச்சியைக் கூப்பிட பெண் பூச்சி விடுற வாசனை) தொங்கவிட்டேன், பட்டப்பகல்ல ஆண் பூச்சிங்க எங்கிருந்தோ வந்து சுத்துச்சு பாருங்க, மறக்கவே முடியாது! ஜூன்ல ரோஸும் ஆலிவ் பச்சையுமா எலிஃபன்ட் ஹாக் மாத். இப்போ ஜூலைல பொட்டி முழுக்க லார்ஜ் யெல்லோ அண்டர்விங்.

இந்தக் கணக்கைக் கவுண்டி ரெக்கார்டருக்கு, அதாவது கவுண்டியில வர்ற குறிப்பைச் சரிபார்த்துச் சேர்க்குறவருக்கு, அனுப்புவோம். அழகானதை மட்டும் எழுதி அனுப்புறவங்க நிறைய, எனக்கு அதுல உடன்பாடில்ல. 1968ல இருந்து 2017 வரைக்கும் பிரிட்டன்ல பெரிய வகை அந்துங்களோட எண்ணிக்கை 33% குறைஞ்சதுன்னு தெரிய வந்ததே ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தோட லைட் பொறிகள்ல சாதாரண பூச்சியையும் விடாம வருஷக்கணக்கா எண்ணினதாலதான். அதனால பழுப்பு, சாம்பல் எல்லாத்தையும் எழுதுறேன்: என்ன பூச்சி, எந்த இடம், என்ன தேதி, யார் பார்த்தது, இந்த நாலும் இருந்தாதான் அது ரெக்கார்டு. இடத்தை வைஸ் கவுண்டி கணக்குல போடுவாங்க, அது உயிரினக் குறிப்புக்காகவே நாட்டைப் பிரிச்ச பகுதி, தாவரவியலாளர் வாட்சன் 1852ல போட்ட எல்லை, ஷ்ராப்ஷயர் 40வது. நிர்வாக எல்லை எத்தனை தடவை மாறினாலும் இது மாறாது, அதனாலதான் நூறு வருஷம் முந்தின குறிப்போட இன்னைக்கு நம்ம குறிப்பை ஒப்பிட முடியுது.

காமன் ரஸ்டிக், லெஸ்ஸர் காமன் ரஸ்டிக்னு ஒரே மாதிரி இருக்குற ரெண்டு அந்தை இறக்கையை வச்சு நம்பிப் பிரிக்க முடியாது, அறுத்து இனப்பெருக்க உறுப்பை மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும். அதுக்காகக் கொல்ல மனசு வரல, அக்ரிகேட்னு குரூப்பாவே எழுதிடுறேன், கவுண்டி ரெக்கார்டருங்க அதையும் ஏத்துக்குவாங்க.

அடுத்து கன்வால்வுலஸ் ஹாக் மாத்துக்குக் காத்திருக்கேன். நம்ம ஊர்ல சக்கரவள்ளிக் கொடியை மேயுற அதே பூச்சி, ஆகஸ்ட் செப்டம்பர்ல தெற்கே இருந்து கடல் தாண்டி இங்க வரும், நிக்கோடியானா பூவுல நீட்டு உறிஞ்சியை விட்டு தேன் குடிக்கும், அதுக்காகவே ஜன்னலோரம் ஒரு வரிசை நட்டு வச்சிருக்கேன், மொட்டு விட்டாச்சு.