விலை மட்டுமோ, சாமானும் வேணுமோ?

விலை கேட்டு எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டில் சிரித்தார்கள். 2006 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான். வாரத்துக்கு இருமுறை திருநெல்வேலி, சுன்னாகம், யாழ் நகரச் சந்தைகளுக்குப் போகவேண்டும். படிவத்தில் அச்சடித்திருக்கும் சாமான்களின் விலையைக் கேட்டு எழுதவேண்டும். பின்னேரம் அவற்றைக் கணினியில் ஏற்றி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும். அரிசி, மா, சீனி, பருப்பு, தேங்காய், பால்மா, மண்ணெண்ணெய், மீன், மரக்கறி என்று ஒன்றரைப் பக்கப் படிவம். சைக்கிளும் பேனையும் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் சேர்ந்தபோது, குடாநாட்டைத் தெற்கோடு தரைவழியாக இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்தது. அப்போதும் சாமான் மலிவில்லை. தெற்கிலிருந்து வரும் லொறி ஓமந்தையில் சோதனைக்காக இறக்கி ஏற்றப்படும், வன்னிக்குள் இயக்கத்துக்கு, அதாவது விடுதலைப் புலிகளுக்கு, வரி கட்டும், முகமாலையில் மறுபடி சோதனை. இறக்கி ஏற்றுகிற கூலி, உடைந்தது, கொட்டுண்டது, வரி எல்லாமே கடைசியில் யாழ்ப்பாணத்துக் கடைக்காரரின் விலைக்குள் வந்து சேரும். ஆனால் சாமான் வந்தது. ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியதோடு அந்தப் பாதையும் மூடப்பட்டது. ஆறு இலட்சம் பேர் அளவில் இருந்த குடாநாட்டுக்கு இனிக் கப்பல்தான். ஊரடங்கு தளர்த்தும் மணித்தியாலங்களுக்குள் சனம் சந்தைக்கு ஓடும். நானும் படிவத்தோடு ஓடுவேன்.

அந்தக் கிழமைகளில்தான் ஒரு பலசரக்குக் கடை அம்மா என்னிடம் அப்படிக் கேட்டார்.

“அம்மா, அங்கர் பால்மா 400 கிராம் என்ன விலை?”

“விலை மட்டுமோ பிள்ளை, சாமானும் வேணுமோ?”

“விலை மட்டும்தான்.”

“அப்ப பழைய விலையையே எழுதும். சாமான் இல்லை.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் எங்கள் அலுவலகத்தின் அறிவுறுத்தலும் அதேதான். ஒரு பொருள் கிடைக்காவிட்டால் கடைசியாகப் பதிந்த விலையையே திரும்பப் போடவேண்டும். ஒரு வாரம் ஒரு கடையில் ஒரு பொருள் முடிந்துபோகிற சாதாரண ஊருக்கு அது பரவாயில்லை. முழு ஊரிலும் பொருள் முடிந்துபோனால் என்ன நடக்கும்? சீனி கிலோ 100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் சீனி இல்லை, 100 என்று போடுகிறோம். அதற்கடுத்த வாரமும் இல்லை, 100. மேலிடத்தில் இருப்பவர் வரைபைத் திறந்தால் சீனி விலை நேர்கோடாகக் கிடக்கும். சீனியே இல்லாத ஊரில் சீனி விலை உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை வரும். பிறகு கப்பல் வந்து 300 ரூபாவுக்கு விற்றால், அந்த வாரம்தான் விலையேற்றம் நடந்ததாகக் கோடு செங்குத்தாக ஏறும். சனத்துக்கோ அதுதான் நிம்மதியான வாரம், ஏனென்றால் காசைக் கொடுத்தாவது வாங்கலாம்.

விலை என்பது ஒரு தொகை மட்டுமில்லை, அந்தத் தொகைக்கு அந்தப் பொருளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற உறுதியும் அதற்குள் இருக்கிறது. சமாதான ஊரில் அந்த உறுதியை யாரும் தனியாக எழுதத் தேவையில்லை. எங்கள் படிவம் அப்படியொரு ஊருக்கு எழுதப்பட்டது.

சரி, பொருள் இருந்தாலாவது எந்த விலையை எழுதுவது? கூட்டுறவுச் சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து கொடுக்கும் கட்டுப்பாட்டு விலை ஒன்று. கடையில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் விலை இன்னொன்று, பெரும்பாலும் அந்த விலைக்குச் சாமான் இராது. தெரிந்த ஆளுக்குப் பின்பக்கமாகக் கொடுக்கும் விலை மூன்றாவது. கடைக்காரர் மூன்றாவதைச் சொல்ல மாட்டார். படிவத்தோடு வருகிறவன் யாருடைய ஆள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூடின விலைக்கு விற்றதற்குத் தண்டம் வரலாம், பதுக்கியதற்கு வேறொரு தரப்பிடமிருந்து மிரட்டல் வரலாம். வரிசையில் நிற்கும் பெண்களிடம் கேட்டால்தான் உண்மை விலை வரும். “என்ன விலை” என்று கேட்கக்கூடாது, “கடைசியா எப்ப வாங்கினியள், எவ்வளவு குடுத்தியள்” என்று கேட்கவேண்டும்.

சங்கக்கடை விலைதான் எல்லாவற்றிலும் குறைவு. அதற்காக விடிய ஊரடங்கு எடுத்தவுடன் வரிசைக்குப் போகவேண்டும். கூலிக்குப் போகிற ஆள் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ஒரு கிலோ சீனியின் விலையோடு ஒரு நாள் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள், சங்கக்கடைச் சீனி கறுப்புச் சந்தையை எட்டிப் பிடித்துவிடும். அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை. வேலைக்குப் போகாத தாத்தாவோ பள்ளிக்கூடம் போகாத பிள்ளையோ உள்ள வீட்டுக்கு மட்டும்தான் கட்டுப்பாட்டு விலை உண்மையில் கட்டுப்பாட்டு விலை.

அளவுகளும் மாறின. பால்மாப் பெட்டியை உடைத்து ஐம்பது கிராம், நூறு கிராம் பையாகக் கட்டி விற்றார்கள். சீனி பேப்பர்ச் சுருளில் வந்தது. மெழுகுதிரி தனித்தனியாக. அரைக் கிலோ வாங்க ஏலாத வீட்டுக்குத்தான் இந்தச் சுருள்கள். கிராம் கணக்கில் பிரித்துப் பார்த்தால் ஆகக் கூடிய விலை கொடுப்பதும் அந்த வீடுதான். பலர் சீனியை விட்டுப் பனங்கட்டிக்குப் போனார்கள், ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. எங்களுடைய முந்தின தலைமுறைக்கு இது புதிதில்லை. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்கள், ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி போட்டு ஒரு சொட்டு மண்ணெண்ணெயில் படித்தவர்கள், பெற்றோலைத் துளியாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். சவர்க்காரம் வாங்காத வீட்டின் செலவுக் கணக்கில் சவர்க்காரம் பூச்சியம். அதைப் பார்த்துச் செலவு குறைந்துவிட்டது என்று ஒரு கெட்டிக்காரர் முடிவுக்கு வரலாம். வந்தும் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நேரெதிராக ஒன்று நடந்தது, அதைப் பார்க்கத்தான் எனக்குக் கனகாலம் எடுத்தது. உள்ளே வரவேண்டிய சாமானின் விலை ஏற ஏற, வெளியே போகவேண்டிய சாமானின் விலை விழுந்தது. சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைகள் குவிந்து கிடக்கும். வழமையில் லொறி ஏறித் தெற்குக்குப் போகிற குலைகள். 2007 இல் கறுத்தக்கொழும்பான் பருவம் வந்தபோது மாம்பழத்துக்கும் அதே கதி. சந்தைக்கு வருகிற ஆட்களுக்குப் பழம் மலிவு, சந்தோஷம்தான். நீர்வேலியில் வாழை வைத்திருந்தவருக்கு? அவர் ஒரு குலையை விற்று முன்பு எத்தனை கிலோ சீனி வாங்கினார், இப்போது எத்தனை வாங்குகிறார் என்று பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கைச் செலவு தெரியும். இரண்டு பக்கமும் அவருக்கு அடி. ஆனால் எங்கள் கணினியில் சீனி ஏற, வாழைப்பழம் இறங்க, இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் “மிதமான ஏற்றம்” என்று வரும். அந்தச் சொல்லை அறிக்கையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

மீன் இதில் ஒரு தனிக்கதை. சுற்றிவரக் கடல் இருந்தும் மீன் விலை ஏறியது. கடலுக்குப் போகப் பாஸ், போகிற நேரத்துக்குக் கட்டுப்பாடு, தூரத்துக்குக் கட்டுப்பாடு, அதற்கு மேல் மண்ணெண்ணெய் இல்லை.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடும் இல்லாத வீடும் ஒரே ஒழுங்கையில் இருந்தாலும் அவர்கள் வாங்குவது வேறு வேறு சந்தையில் என்றுதான் சொல்லவேண்டும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம், காசு வந்த வீடு மூன்றாவது விலையைக் கொடுத்து வாங்கியது. மற்ற வீடு காப்பை அடகு வைத்தது. அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளம் வந்தது. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி பார்க்கப்பட்டது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்து. அந்தச் சுட்டெண், 1949/50 இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடம் எடுத்த செலவுக் கணக்கின்மேல் 1952 ஐ அடியாண்டாக வைத்துக் கட்டப்பட்டது. 2007 கடைசியில்தான் புதிதாக மாற்றினார்கள், அதுவும் கொழும்புக்குத்தான். 2008 யூனில் பணவீக்கம் 28.2 சதவீதத்தைத் தொட்டபோது நாடே அலறியது. அது கொழும்புச் சந்தையில், கடை திறந்து, சாமான் அடுக்கி, விலை மட்டும் ஏறிய கணக்கு. வீட்டு வருமான செலவின ஆய்வு நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடந்தது 2012/13 இல். வடக்கையும் சேர்த்த தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2013 ஐ அடியாண்டாக வைத்து வந்தது. ஆக, போர்க்காலத்து யாழ்ப்பாண விலை எந்த நாட்டுச் சுட்டெண்ணிலும் இல்லை. எங்களைப் போன்றவர்களின் படிவங்களில் கொஞ்சம் இருக்கலாம், அதுவும் நேர்கோடாக.

இதைச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் எங்கள் மேற்பார்வையாளர் படிவத்தில் மூன்று கட்டங்கள் சேர்க்கச் சம்மதித்தார். ஒன்று, பொருள் இருந்ததா இல்லையா. இரண்டு, இல்லாவிட்டால் சனம் அதற்குப் பதில் என்ன வாங்குகிறது. மூன்று, வாங்க எவ்வளவு நேரம் நின்றார்கள். இல்லாத பொருளுக்குப் பழைய விலையைப் போடுவதை நிறுத்தி, கட்டத்தை வெறுமையாக விட்டோம். வரைபு துண்டு துண்டாக அறுந்தது. மேலிடத்திலிருந்து உடனே தொலைபேசி வந்தது, தரவு ஏன் விடுபட்டிருக்கிறது என்று. விடுபடவில்லை, சாமான் இல்லை என்று விளக்கினோம். அதற்குப் பிறகுதான் அவர்கள் முதல்தடவையாக எந்தப் பொருள் எத்தனை வாரம் இல்லை என்று எண்ணத் தொடங்கினார்கள். கப்பலில் எதை முதலில் ஏற்றச் சொல்லிக் கேட்பது என்ற பேச்சுக்கு விலைப்பட்டியலைவிட அந்த எண்ணிக்கைதான் உதவியது.

கப்பல் என்றதும் ஒன்று. “கப்பல் வந்திட்டுதாம்” என்று செய்தி பரவுகிற நேரத்திலேயே, மூட்டை இறங்குவதற்கு முன்பே, சந்தையில் சீனி தலைகாட்டும். அதுவரை எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பதுக்கியவர்களைத் திட்டுவது லேசு. அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாத ஊரில், இருந்த சாமானையெல்லாம் அன்றைக்கே விற்று முடிக்கிற கடைக்காரர் அடுத்த கிழமை வாடிக்கைக்கு என்ன சொல்வார் என்பதையும் பார்க்கவேண்டும். எல்லாரும் நியாயவான்கள் என்று நான் சொல்லவரவில்லை. சிலர் அந்த வருடங்களில் மாடிவீடு கட்டினார்கள்.

2010 அளவில் பாதை வழமைக்குத் திரும்பியபோது நான் அதே சந்தைகளில்தான் இருந்தேன். சீனியும் பால்மாவும் மளமளவென்று கொழும்பு விலைக்குப் பக்கத்தில் வந்தன. தெற்கிலிருந்து வந்த லொறிகள் வெறுமையாகத் திரும்பாமல் வாழைக்குலையையும் மாம்பழத்தையும் ஏற்றிக்கொண்டு போயின. அந்தப் பருவம் முழுக்கச் சந்தையில் நான் கேட்ட குறை, கறுத்தக்கொழும்பான் இப்படி விலை ஏறிவிட்டதே என்பதுதான்.