பாதிக் கடனுக்கு முழுக் கணக்கு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள். கோத்தகிரி

வங்கிகளோடு பேசிக் கடனைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு தனியார் நிறுவனத்தோடு தம்பி கையெழுத்திடவிருக்கும் கடன் தீர்வுத் திட்டத்தின் ஒப்பந்தத்தை, அவன் கேட்டுக்கொண்டபடி இன்று முழுவதுமாகப் படித்தேன். உதகையில் சுற்றுலா வாடகைக் கார் ஓட்டுகிறவன் அவன். ஏப்ரல், மே மாதங்களில் கையில் பணம் புரளும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டாம் சீசன் வரும்வரை டீசலுக்கே திண்டாட்டம். இவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் முடிய, நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்களுக்கும் வார இறுதியில் 8,000 வாகனங்களுக்கும் மட்டுமே நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் என்று உயர் நீதிமன்றம் வரையறுத்ததால் சீசன் மெலிந்துவிட்டது என்கிறான். சொந்தக் காரில் வருகிறவர்கள் குறைந்தால் வாடகைக் காருக்கு நல்லதுதானே என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

கடன்கள் மூன்று. தனிநபர் கடனில் மீதி 3,40,000 ரூபாய், ஆண்டு வட்டி 16 விழுக்காடு, இன்னும் 36 தவணைகள். அதில் அவன் மனைவியும் இணைக் கடனாளி. ஒரு கிரெடிட் கார்டில் 1,60,000. இன்னொரு கார்டில் 60,000. இது சென்ற ஆண்டிலிருந்தே கட்டப்படாமல் நிற்கிறது. ஆக மொத்தம் 5,60,000. இதைப் பாதியாகக் குறைத்துத் தருவதாக நிறுவனம் சொல்கிறது. எதில் பாதி என்பதை மட்டும் பத்திரத்தில் எங்கும் காணவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கட்டண விதிகளை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டேன். மாதச் சேவைக் கட்டணம் 3,500 ரூபாய். ஒவ்வொரு கடனும் தீரும்போது ‘மிச்சப்படுத்திய தொகை’யில் 15 விழுக்காடு வெற்றிக் கட்டணம். இரண்டின் மேலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. தம்பி மாதம் 20,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும். அதிலிருந்து கட்டணத்தை நிறுவனம் முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம் சேர்ந்த பிறகு வங்கிகளிடம் பேரம் பேசும். இடையில் விலகினால் அதுவரை செலுத்திய கட்டணம் திரும்பாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, எழுத்தில் இல்லாமல் தொலைபேசியில் சொல்லப்பட்டது. தவணை கட்டுவதை இப்போதே நிறுத்திவிட வேண்டுமாம். ஒழுங்காகக் கட்டிவரும் கடனை எந்த வங்கியும் குறைத்துத் தராது என்பதால், திட்டம் தொடங்குவதற்கே கடன் முதலில் கெட்டுப்போக வேண்டியிருக்கிறது. 90 நாட்கள் நிலுவையில் நின்றால்தான் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன் ஆகும். வாராக்கடன் ஆனபின் வங்கி அந்த வட்டியைத் தன் வருமானமாகக் காட்டுவதில்லை. கடன்காரர் மீதான வட்டி மட்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறையானதால் முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மாதங்கள் எதுவும் கட்டாமல் இருந்து, அதன் பிறகு மூன்று கடன்களும் ஒரே நாளில் தீர்கின்றன என்று வைத்துக்கொண்டேன். இதைவிட நல்லபடியாக நிறுவனத்தாலும் சொல்ல முடியாது.

பெரிய கார்டில் மாத வட்டி 3.5 விழுக்காடு, அதாவது 5,600 ரூபாய். கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டென்பதால் 1,008 ரூபாய் கூடுதல். வட்டிக்கு வட்டியையோ தாமதக் கட்டணத்தையோ சேர்க்காமலே ஆண்டுக்கு 79,296 ரூபாய். அதே முறையில் சிறிய கார்டில் 29,736. தனிநபர் கடனில் 54,400. ஓராண்டு முடிவில் 5,60,000 ரூபாய்க் கடன் 7,23,432 ஆக நிற்கும்.

நிறுவனம் பேசும் பாதி இந்தத் தொகையில்தான். அது 3,61,716 ரூபாய். மாதக் கட்டணம் பன்னிரண்டு மாதத்துக்கு 42,000. ‘மிச்சப்படுத்திய’ மறுபாதியில் 15 விழுக்காடு 54,257. இரண்டுக்கும் ஜிஎஸ்டி 17,326. கட்டணம் மட்டும் 1,13,583 ரூபாய். ஆக, தம்பி கையைவிட்டுப் போவது 4,75,299 ரூபாய். இன்றைய கடனில் அது ஏறத்தாழ 85 விழுக்காடு. கட்டாமல் விட்டதனால் ஏறிய வட்டியைத் தள்ளுபடி செய்வித்து, அந்தத் தள்ளுபடிக்கும் சதவீதம் வாங்குகிறார்கள். வழி மறித்த பாறையை வைத்தவரே அகற்றக் கூலி கேட்பது போன்றது இது.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. மாதம் 20,000 ரூபாயில் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் 4,130 போக 15,870தான் சேரும். பன்னிரண்டு மாதத்தில் 1,90,440 ரூபாய். அது 3,61,716க்கு எந்த வகையில் போதும்? திட்டம் இரண்டாம் ஆண்டுக்கும் நீளத்தான் செய்யும். நீளும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஒருபுறம் ஏற, கட்டணம் மறுபுறம் ஏறும். மேலும், ஜூலையிலும் ஆகஸ்டிலும் 20,000 ரூபாயை ஒதுக்கிவைக்கக்கூடிய வாடகைக் கார் ஓட்டுநர் இந்த மலையில் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தம்பி கணக்கைப் பார்த்தான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அக்கா, பணம் போனால் போகட்டும், வங்கிக்காரர்கள் போன் செய்வதாவது நிற்குமே” என்றான்.

நிற்காது. தனியார் நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் வங்கியை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. அது வழக்கையும் தடுக்காது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வலியுறுத்திய பாதுகாப்பு எல்லாக் கடனாளிகளுக்கும் உரியது. அதற்கு யாரும் மாதக் கட்டணம் வாங்க வேண்டியதில்லை. தொல்லை தொடர்ந்தால் முதலில் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 30 நாட்களில் தக்க பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இதற்கும் கட்டணம் கிடையாது.

அவனுக்கு அறவே தெரியாதிருந்தது, தானியங்கித் தவணை பற்றிய விதி. தனிநபர் கடனின் தவணை அவன் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகவே எடுக்கப்படுகிறது. கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் திருப்பக் கட்டணத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காசோலை திரும்பினால் வழக்குத் தொடர்வதைப் போலவே, 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு அமைப்புகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி இதற்கும் வழக்குத் தொடரலாம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. தவணையை நிறுத்தச் சொன்ன முகவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் பள்ளியின் பத்திர வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞரிடம், சட்டப்படியான திட்டம் என்று ஒன்று உண்டா என்று கேட்டேன். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி எழுதப்பட்டிருக்கிறது. கடன்காரர் திருப்பிச் செலுத்தும் திட்டத்தைத் தீர்ப்பாயத்தின் மேற்பார்வையில் வகுப்பது, அதுவரை வழக்குகளை நிறுத்திவைப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. தம்பியைப் போன்றவர்களுக்கு இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். கடன் 500 ரூபாயை எட்டினாலே மனு செய்யலாம் என்று அதில் இருக்கிறது. அந்தக் காலத்து 500 ரூபாய். வழக்கறிஞர் கட்டணமும் அலைச்சலும் வருடக்கணக்கில் நீளுமென்பதால் இந்த அளவு கடனுக்கு அவர் அதைப் பரிந்துரைக்கவில்லை.

வேறொன்றையும் சொன்னார். சமரசத் தீர்வுக்கென இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை ஒவ்வொரு வங்கியிடமும் இருக்க வேண்டும் என்று 2023 ஜூன் 8ஆம் நாள் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. கடன்காரர் தானே கடிதம் எழுதிக் கேட்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. அப்படித் தீர்த்துக்கொண்டவருக்கு, விவசாயக் கடன் நீங்கலாகப் பிற கடன்களில், அதே வங்கி குறைந்தது பன்னிரண்டு மாதம் புதுக் கடன் தரக் கூடாது என்பதும் அச்சுற்றறிக்கையில் உண்டு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பணத்தில் எழுத முடியாத செலவைப் பற்றி இன்று தம்பியின் மனைவியோடு பேசினோம். குறைத்துத் தீர்த்த கடன், கடன் வரலாற்றில் முடிந்த கடனாக வராது. ‘செட்டில்டு’ என்ற குறிப்போடு வரும். கடன் தகவல் நிறுவனங்கள் அத்தகவலைக் குறைந்தது ஏழாண்டு வைத்திருக்கும். தனிநபர் கடனில் அவளும் இணைக் கடனாளி என்பதால் அவள் வரலாற்றிலும் அதே குறிப்பு ஏறும். மகளிர் குழுவில் கடன் வாங்கித் தையல் கடை போட நினைத்திருக்கிறவள் அவள். நிறுவனத்தின் முகவர் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துக்கு இடம் மட்டும் விட்டிருக்கிறார்கள்.

நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இருவருக்கும் தருவித்துப் பார்த்தோம். அவள் பெயரில் இதுவரை, கடந்த மாதத்தின் ஒரு தாமதத் தவணையைத் தவிர, கறை எதுவும் இல்லை.

நகையை வைப்போம் என்று அவளாகவே சொன்னாள். நான் அதை முன்மொழியவில்லை, முன்மொழிந்திருக்கவும் மாட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் 10 விழுக்காட்டு வட்டியில் 1,60,000 ரூபாய் நகைக்கடன் வாங்கிப் பெரிய கார்டை முழுதாக அடைத்துவிட்டால், ஆண்டுக்கு 79,296 ரூபாய் போகிற இடத்தில் 16,000 ரூபாய் போகும். இதற்கும் செலவு உண்டு: நகை மதிப்பீட்டாளர் கட்டணம், ஓராண்டில் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம், தவறினால் ஏலம். கடைசிச் செலவு அவளுடையது என்பதால், நகைச் சீட்டு அவள் பெயரில் இருக்க வேண்டும், அவளிடமே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அந்த 20,000 ரூபாயையே மறுபடி எடுத்துப் பார்த்தேன். தனிநபர் கடன் தவணைக்கு ஏறத்தாழ 11,950 போக 8,050 மிஞ்சும். அதை நகைக்கடனுக்குச் செலுத்தினால் 22 மாதங்களில் நகை வீடு திரும்பும். மழைக்காலத்தில் குறைத்துக் கட்டி, சீசனில் சேர்த்துக் கட்டவும் சங்கத்தில் இடம் உண்டு. இந்த இரண்டு கடன்களாலும் யாருடைய வரலாற்றிலும் ‘செட்டில்டு’ ஏறாது.

செப்டம்பர் 1, திங்கள்

நகைக்கடன் கிடைத்தது, பெரிய கார்டு அடைக்கப்பட்டு, நிலுவை இல்லை என்ற கடிதத்துக்கு எழுதியாகிவிட்டது. தனிநபர் கடனின் தாமதத் தவணையும் கட்டப்பட்டது.

சிறிய கார்டுக்கு, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. நாள் செப்டம்பர் 13. தம்பி இதை நீதிமன்ற வழக்கு என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடப்பது இது. கட்டணம் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்ளாவிட்டால் யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

செப்டம்பர் 13, சனி

உதகை நீதிமன்ற வளாகத்தில் கூட்டம் நெரிந்தது. வங்கி அதிகாரி 52,000 ரூபாயில் தொடங்கினார். தம்பி, அசல் செலவும் அதன் மேல் ஏறிய வட்டியும் பிரித்துக் காட்டப்பட்ட கணக்கைக் கேட்டான். அதைக் கேட்கும்படி பேருந்தில் வரும்போதே சொல்லி வைத்திருந்தேன். முடிவில் 38,000 ரூபாய், இரண்டு சம தவணைகள், இரண்டாவது அக்டோபர் 10க்குள் என்று பதிவாயிற்று. இந்த உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவறினால் அதை நேராகவே நிறைவேற்றக் கேட்கலாம் என்பதால், ஒப்புக்கொண்ட தொகையைவிடத் தேதிதான் பெரிது என்று அமர்வில் இருந்தவர் அவனிடம் இருமுறை சொன்னார்.

இந்தக் கடன் அவன் பெயரில் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். அவனுக்கும் அது தெரியும். மூன்றில் ஒன்று, அதுவும் ஏற்கெனவே கெட்டிருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

முதல் தவணை 19,000 ரூபாயை நான் கொடுத்தேன். கார்டுக் கணக்குக்கே நேராகச் செலுத்தி ரசீதை உத்தரவு நகலோடு சேர்த்து வைத்திருக்கிறோம். தீர்வு நிறுவனத்தின் முகவர் இன்றும் அழைத்து, மாதக் கட்டணத்தை 2,500 ஆகக் குறைப்பதாகச் சொன்னார். பெரிய கார்டை அடைத்தாயிற்று, மற்றவற்றைத் தவணை தவறாமல் கட்டுகிறோம் என்று தம்பி சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பூஜை விடுமுறைக்கு மூன்று குடும்பங்கள் காரைப் பதிவு செய்திருக்கின்றன. அந்த முன்பணம் இரண்டாம் தவணைக்கு என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது கட்டப்பட்ட பிறகு கடன் அறிக்கையை மறுபடி பார்க்க வேண்டும். நிலுவை 0 என்று மாறாவிட்டால் புகார் செய்ய வேண்டும். புகாரை 30 நாட்களில் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதையும் உத்தரவு நகலின் மேலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.