"அதில் வைத்தியம் என்ன இருக்கிறது?"

குழந்தை மருத்துவம் முடித்து மரபியலுக்கு வந்தபோது மூத்த மருத்துவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நிறையவே இருக்கிறது.

பீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங், அக்கா தம்பி இருவரின் சிறுநீரைச் சோதித்து இதைக் கண்டறிந்தார். உணவுப் புரதத்தில் உள்ள பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி வேலை செய்யாததால் அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. 1960-களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரியின் முறை வந்தது: பச்சிளம் குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்துச் சோதிப்பது. பிறந்த சில நாட்களிலேயே உணவை மாற்றிவிட்டால் மூளை தப்பிக்கிறது. இது வைத்தியம் இல்லையா?

ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதி பேச்சில்தான் போகிறது. தாத்தா பாட்டி வரை குடும்ப வரைபடம் போடுவேன். "கர்ப்பத்தில் நான் ஏதாவது தப்பு செய்தேனா டாக்டர்?" என்று தாய் கேட்காத நாள் குறைவு. இல்லையம்மா என்று சொல்லி, அது அவர் மனதில் பதியும்வரை காத்திருப்பேன். இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே நோய் தரும் ஒடுங்கு மரபணுவைப் பெற்றோர் இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல.

மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையிலும் விடை கிடைக்காத குழந்தைகள் பலர். அந்த அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய மரபணுக்கள் தெரியவரத் தெரியவர, பழைய தரவிலேயே பதில் கிடைப்பதுண்டு. ஓரிரு வருடம் கழித்து மறு ஆய்வு கேளுங்கள்.