இஸ்திரி வண்டி வீட்டுப் பெண்

நேற்று ராத்திரி மறுபடியும் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ பார்த்தேன். 2009-இல் வந்த கொரியன் சீரியல், 25 எபிசோடு. சலவைக்கடைக்காரர் மகள் துணி கொடுக்கப் போன பணக்காரப் பள்ளியில், மாடியிலிருந்து குதிக்க நின்ற பையனைக் காப்பாற்றப் போய் அங்கேயே சீட் கிடைக்கிறது, அப்புறம் அவளைப் படாதபாடு படுத்தின கோடீஸ்வர வாரிசுக்கே அவள்மேல் காதல். (அதெல்லாம் காதலா என்ன?)

அடையாறில் அப்பாவுக்கு இஸ்திரி வண்டி. பாதி ஃபீஸில் நான் படித்த பெரிய பள்ளியில், எனக்குப் பிடித்த பையனின் சட்டையும் எங்கள் வண்டிக்குத்தான் வரும், பாக்கெட் ஓரம் இங்க் கறையோடு. ஒருநாள் மூட்டையை நானே கொண்டுபோனேன். கதவைத் திறந்தவன், “அம்மா, அயர்ன்காரங்க” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான். பக்கத்து பெஞ்ச்தாங்க.